டிஃப்ராக் செய்ய 800 ரூபாயா?

கேள்வி: ஆறு வருடப் பழைய லேப்டாப். 4 ஜிபி ராம், 1 டிபி டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தால்தான் திரை வருகிறது. "டிஃப்ராக் பண்ணி, வெர்ச்சுவல் மெமரியையும் ஏத்தித் தர்றேன், 800 ரூபாய்" என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுமே விண்டோஸுக்குள் இலவசமாக இருக்கின்றன. டிஃப்ராக்கை, அதாவது டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடக்கும் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வேலையை, விண்டோஸ் வாரம் ஒருமுறை தானாகவே செய்துகொள்ளும்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ஆங்கிலத்தில் டிஃப்ராக் என்று தட்டி, 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்று வருவதைத் திறங்கள். வருகிற பட்டியலில் 'மீடியா டைப்' என்ற இடத்தைப் பாருங்கள். சாலிட் ஸ்டேட் டிரைவ், அதாவது எஸ்எஸ்டி என்றிருந்தால் பேச்சே இல்லை. அதில் சுழலும் தட்டு கிடையாது, கோப்பு துண்டு துண்டாகக் கிடந்தாலும் பெரிய நஷ்டமில்லை. விண்டோஸும் அதற்கு டிரிம் என்ற வேறு வேலையைத்தான் செய்கிறது, அதாவது அழித்த கோப்புகளின் இடம் இனி தேவையில்லை என்று டிரைவுக்குச் சொல்கிறது.

உங்களுடையது அநேகமாக ஹார்ட் டிஸ்க். துண்டுகளைத் தேடி முள் இங்குமங்கும் ஓட வேண்டும் என்பதால் இதற்கு டிஃப்ராக் உதவும்தான். ஆனால் 'கரன்ட் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் 2, 3 சதவீதம்தான் துண்டாகியிருக்கிறது என்று காட்டினால், அதைச் சரிசெய்து டீ நேரம் குறையப் போவதில்லை. எக்ஸ்பி காலத்தில் சிவப்பு, நீலக் கோடுகள் இடம் மாறுவதை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான் நானும். பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் டிஃப்ராக் பக்கமே போகாதீர்கள். முதலில் பேக்கப்.

கேள்வி: அப்போ வெர்ச்சுவல் மெமரி?

பதில்: ராம் நிரம்பும்போது, உடனே தேவைப்படாததை விண்டோஸ் டிஸ்க்கில் 'பேஜ்ஃபைல்' என்ற கோப்பில் ஒதுக்கி வைக்கும். அந்தக் கோப்பின் அளவைக் கூட்டுவதால் வேகம் கூடாது. 'மெமரி போதவில்லை' என்ற எச்சரிக்கை குறையலாம். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க், ஒரே ஒரு சுற்று முடிக்க 11 மில்லி விநாடி எடுக்கும். ராமோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய லட்சம் மடங்கு தாமதம். ராமைப் போல ஒன்றரை மடங்கு வை என்பதெல்லாம் பழைய கணக்கு. அளவை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள், சி டிரைவில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தால் போதும். அடியோடு நிறுத்தினால் வேகம் வரும் என்று சிலர் சொல்வார்கள். செய்தால் குரோமில் பத்து டேப் திறந்ததும் ஏதாவது ஒன்று மூடிக்கொள்ளலாம்.

காசு போடுவதென்றால் எஸ்எஸ்டிக்குப் போடுங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். வித்தியாசம் முதல் தடவை ஆன் செய்யும்போதே தெரியும். அப்புறம் ராம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸில் மெமரியைப் பாருங்கள். இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் என்று காட்டினால் இன்னொரு 4 ஜிபி போட இடமிருக்கிறது.

ஆனால் வாங்குவதற்கு முன் மைக்ரோசாஃப்டின் இலவச 'பிசி ஹெல்த் செக்'கை ஓட்டி, விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11 ஏறாத இயந்திரம் என்றால், எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ராமுக்குச் செலவு வேண்டாம்.

மாற்றும்போது பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் படங்களும் பாஸ்வேர்டுகளும் அதில்தான் இருக்கின்றன. ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டால் பேக்கப்புக்கு ஆகும்.