தட்டில் பெயர் இருக்கிறது, பாட்டில் வரி இருக்கிறதா?

கேள்வி: வீட்டில் பழைய 78 வேக இசைத்தட்டுகள் சில இருக்கின்றன. மூன்றில் தலைப்புக்குக் கீழே 'ரஸாஃப்' என்ற பெயர் அச்சாகியிருக்கிறது. அவர் பாடலாசிரியர் என்கிறார்கள். ஆனால் மூன்றில் ஒன்று வெறும் வாத்திய இசை, யாருமே பாடவில்லை. இவர் எழுதிய பாடல்களின் பதிவுகளைப் பட்டியலிட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? தட்டுகளை யூட்யூபில் ஏற்றலாமா?

பதில்: உங்கள் தட்டில் பிழை இல்லை. அந்தக் காலத்து லேபிளில் அடைப்புக்குறிக்குள் வரும் பெயர்கள், பாட்டை ஆக்கியவர்கள் யார் என்று பதிப்பகம் சொன்ன விவரம். அந்தத் தட்டில் அவர் எழுதிய வரியை யாராவது பாடியிருக்கிறார்களா என்பது வேறு விஷயம். மெட்டு யாருடையது, வரி யாருடையது என்றும் லேபிள் பிரித்துச் சொல்லாது. சிறு கோடு போட்டு எல்லாப் பெயரையும் கோத்துவிடும்.

ஆண்டி ரஸாஃப் 1895-ல் வாஷிங்டனில் பிறந்தவர், மடகாஸ்கர் அரச குடும்ப வழி வந்தவர். ஜாஸ் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் கூட்டாளி என்றே பலரும் அறிந்திருக்கிறார்கள். ஆனால் யூபி பிளேக், ஜே. சி. ஜான்சன், பால் டெனிக்கர், டான் ரெட்மன் ஆகியோரின் மெட்டுகளுக்கும் எழுதியிருக்கிறார். வாலரை மட்டும் பின்தொடர்ந்தால் பட்டியலில் பெரிய ஓட்டை விழும்.

தட்டிலிருந்து தொடங்காதீர்கள், பாட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் பாடல்களின் பட்டியல். பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் பதிவுகளை இரண்டு தாளில் பிரியுங்கள். வரி பாடப்பட்டவை ஒரு தாள், வாத்தியம் மட்டும் உள்ளவை இன்னொரு தாள். 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' 1929-ல் 'ஹாட் சாக்லேட்ஸ்' மேடை நிகழ்ச்சிக்காக வந்த பாட்டு. மெட்டு வாலரும் ஹாரி புரூக்ஸும். அந்த ஜூலையில் லூயி ஆம்ஸ்ட்ராங் ஓக்கே நிறுவனத்துக்குப் பாடிய பதிவு முதல் தாளுக்குப் போகும். ஆகஸ்டில் வாலர் தனியாகப் பியானோவில் வாசித்து விக்டர் நிறுவனம் வெளியிட்டது இரண்டாம் தாளுக்கு. 1939-ல் கிளென் மில்லர் பதிந்த 'இன் தி மூட்' ரஸாஃப் வரி எழுதிய பாட்டுதான், ஆனால் அந்தத் தட்டில் ஒரு சொல்கூட இல்லை. உங்களிடம் இருப்பதும் இந்த மாதிரி ஒன்றாக இருக்கலாம்.

'ஸ்டாம்பின் அட் த சவாய்' இன்னும் சிக்கலானது. சிக் வெப் குழு அதை 1934 மே மாதமே பதிந்துவிட்டது. ரஸாஃப் வரி எழுதியது 1936-ல். ஆகவே வெப்பின் பதிவை ரஸாஃப் கணக்கில் சேர்ப்பது தவறு. குறிப்பாக மட்டும் எழுதி வைக்கலாம். வரியோடு கேட்க வேண்டுமென்றால் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து 1957-ல் பதிந்ததைத் தேடுங்கள். இதற்காகவே பதிவுத் தேதியையும் வரி எழுதிய ஆண்டையும் தாளில் தனித்தனி நெடுவரிசையில் போடுங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடுவது. அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டில் 'வெர்ஸ்' என்று ஒரு முன்பகுதி உண்டு, நம் சினிமாப் பாட்டின் தொகையறா போல. அதற்குப் பிறகு பெரும்பாலும் 32 பார் (தாளச் சுற்று) நீளமுள்ள 'கோரஸ்', அதாவது பாட்டின் முக்கியப் பகுதி; கூட்டாகப் பாடுவது அல்ல. 10 அங்குலத் தட்டில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். நடனக் குழுக்கள் கோரஸை ஒரே ஒரு முறை பாட வைத்துவிட்டு மிச்ச நேரத்தை வாத்தியத்துக்குக் கொடுத்தன. லேபிளில் 'வோக்கல் ரிஃப்ரெய்ன்' என்று இருந்தால் பெரும்பாலும் இதுதான் கதை: முன்பகுதி வரிகள் போயே போய்விடும்.

இதனால் பாட்டின் பொருளே மாறுவதுண்டு. 'ஹாட் சாக்லேட்ஸ்' நிகழ்ச்சிக்கே ரஸாஃப் எழுதிய 'பிளாக் அண்ட் புளூ' மேடையில் ஈடித் வில்சன் பாடியது. தோல் நிறம் குறைந்த பெண்களையே ஆண்கள் நாடுகிறார்கள், கறுத்த தன்னை ஒதுக்குகிறார்கள் என்று ஒரு பெண் புலம்புவதாக முன்பகுதி அமைந்திருக்கிறது. 1929-ல் ஆம்ஸ்ட்ராங் அந்த வரிகளை விட்டுவிட்டுக் கோரஸை மட்டும் பாடினார். காதல் குறை சொன்ன பாட்டு இனவெறியைப் பற்றிய பாட்டாகிவிட்டது. எதெல் வாட்டர்ஸ் 1930-ல் பதிந்ததையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பாடலாசிரியரைத் தேடுகிறவருக்கு நடனக் குழுத் தட்டைவிட, ஒரு பாடகியும் ஒரு பியானோவும் மட்டும் உள்ள தட்டு அதிகம் கொடுக்கும். ஜேம்ஸ் பி. ஜான்சன் பியானோ வாசிக்க வாட்டர்ஸ் 1928-ல் பாடிய 'மை ஹேண்டி மேன்' அந்த வகை. வாலர் பாடிய தட்டுகளில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை: நடுநடுவே அவர் அடிக்கும் கிண்டலை ரஸாஃப் எழுதிய வரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

யார் எதை எழுதினார் என்று உறுதி செய்ய, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஆண்டுதோறும் அச்சிட்ட பதிவேட்டின் இசைப் பகுதியைப் பாருங்கள். இணையத்தில் ஸ்கேன் பிரதிகள் கிடைக்கின்றன. வரி, மெட்டு இரண்டையும் அதுதான் பிரித்துக் காட்டும். ஃபேட்ஸ் என்று தேடாதீர்கள். அங்கே அவர் தாமஸ் வாலர். பதிவுகளுக்குச் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கப் பழைய ஒலிப்பதிவுத் தரவுத்தளம் போதும். அதில் ரஸாஃப் பக்கத்தைத் திறந்தால் பாடலாசிரியர், பாடகர் என்று பங்கு வாரியாக வரும். அவர் சில தட்டுகளில் பாடியும் இருக்கிறார். அவற்றைத் தனியே குறியுங்கள். பிரையன் ரஸ்டின் ஜாஸ் பதிவுப் பட்டியல் தேதிக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நல்லது, ஆனால் பாட்டை ஆக்கியவர் பெயரை அது தராது.

ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளம் மேட்ரிக்ஸ் எண்தான் (பதிவு செய்தபோது நிறுவனம் அதற்குக் கொடுத்த எண்), லேபிளில் உள்ள விற்பனை எண் அல்ல. ஒரே பதிவு அமெரிக்காவில் ஓக்கே பெயரிலும் இங்கிலாந்தில் பார்லஃபோன் பெயரிலும் வேறு வேறு எண்ணோடு விற்றது. லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பொறித்த எண் தெரியும். விக்டர் தட்டில் லேபிளை நேராக வைத்துக்கொண்டு கடிகார முள் 9 இருக்கும் இடத்தைப் பாருங்கள். டேக் எண், அதாவது அதே பாட்டை எத்தனையாவது முறை பாடிப் பதிந்தது என்று சொல்லும் எண், அங்கே இருக்கும். 1920-களின் இறுதி ஓக்கே தட்டுகளில் எண்ணுக்குப் பின் வரும் ஏ, பி, சி எழுத்தே டேக். டேக் மாறினால் பாடிய சொல்லும் மாறலாம் என்பதால் இதை விடக் கூடாது.

கேட்பதற்கு முன் துடையுங்கள், ஆனால் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். இவை அரக்கில் செய்தவை, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். லேபிள் நனையாமல், வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு போதும். பிற்கால எல்பி தட்டுக்கான ஊசியும் கூடாது. அது பள்ளத்தின் அடியில் போய் இரைச்சலைத்தான் எடுக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வாங்குங்கள். வேகம் நிமிடத்துக்கு 78.26 சுற்று. நாலைந்து சுற்று குறைந்தாலே அரைக்கட்டை இறங்கிவிடும், பாடகரின் குரலை அடையாளம் காண்பதும் கஷ்டமாகிவிடும்.

யூட்யூப் விஷயத்தில் பாட்டும் பதிவும் இரண்டு தனி உரிமைகள். அமெரிக்கச் சட்டப்படி 1929-ல் வெளியான பாடல் 95 ஆண்டு முடிந்து 2025 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையானது. அதே ஆண்டு வெளியான ஒலிப்பதிவுக்கு 100 ஆண்டு. அது 2030 ஜனவரி 1-ல்தான் விடுபடும். அதாவது 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' பாட்டை அங்கே நீங்களே பாடி ஏற்றலாம், ஆம்ஸ்ட்ராங் தட்டை ஏற்ற இன்னும் பொறுக்க வேண்டும். ஆசிரியர் மறைந்த ஆண்டிலிருந்து கணக்கிடும் நாடுகளில் கூட்டாளிகளில் கடைசியாக மறைந்தவரைப் பார்ப்பது வழக்கம். வாலர் 1943-ல் போய்விட்டார், ரஸாஃப் இருந்தது 1973 பிப்ரவரி வரை.