சீலாவா, வஞ்சிரமா, நெய்மீனா? பெயர்களை ஒழுங்கு செய்ய ஒரு வழி

கேள்வி: தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்தில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து மீன், பாசி, வலை, காற்று பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எக்செல்லில் ஏற்றி வருகிறோம். ஆயிரத்துச் சொச்சம் வரி ஆகிவிட்டது. ஆனால் ஒன்றைத் தேடினால் பாதிதான் கிடைக்கிறது, ஆளுக்கொரு பெயர் எழுதியிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே பெயராக மாற்றிவிடலாமா? 'ஆன்டாலஜி' செய்யணும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது எங்களுக்குத் தேவையா?

பதில்: மாற்றாதீர்கள். கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நான் இதில் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன். மூன்று ஊர்ச் சந்தைக் குறிப்புகளைச் சேர்த்த ஓர் அட்டவணை. 'சீலா' என்று இருந்த இடத்திலெல்லாம் 'வஞ்சிரம்' என்று ஒரே அமுக்கில் மாற்றினேன். உங்கள் கரையில் சீலா என்றால் வஞ்சிரம்தான், கன்னியாகுமரிப் பக்கம் போனால் அதுவே நெய்மீன். ஆனால் சென்னைக் கடைக்காரரிடம் சீலா கேட்டால் கூர்ப்பல் நீட்டிக்கொண்டிருக்கும் ஊளியை எடுத்துத் தராசில் போடுவார். சென்னையிலிருந்து வந்த ஊளியெல்லாம் என் அட்டவணையில் வஞ்சிரமாகி, ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது. பிரித்தெடுக்கப் பழைய கோப்பும் இல்லை.

இந்தச் சிக்கல் கணினியோடு வந்ததல்ல. பழைய தமிழ்ச் சொற்பொருள் நூலான திவாகர நிகண்டில் பன்னிரண்டு தொகுதிகள். முதல் பத்தும் ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைச் சொல்கின்றன. பதினொன்றாவது, ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்கள். பன்னிரண்டாவது, பல பொருள் சேர்ந்த கூட்டத்துக்கு ஒரு பெயர். உங்கள் எக்செல்லில் இருப்பதும் ஏறக்குறைய இந்த மூன்றுதான். வஞ்சிரம், சீலா, நெய்மீன் முதல் வகை. சீலா என்ற சொல்லே வஞ்சிரத்தையும் ஊளியையும் குறிப்பது இரண்டாவது. 'காரல்' மூன்றாவது: அது ஒரு மீனின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டாவதாக ஒரு தாள் திறந்து, பெயருக்கு அல்ல, பொருளுக்கு ஓர் எண் கொடுங்கள். ம-014 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நேரே விருப்பச் சொல் (நீங்கள் முதன்மையாக வைத்துக்கொள்ளும் பெயர்) 'சீலா', மாற்றுச் சொற்கள் 'வஞ்சிரம், நெய்மீன்'. ம-015க்கு விருப்பச் சொல் 'ஊளி', மாற்றுச் சொல் 'சீலா (சென்னை)'. பழைய தாளில் பெரியவர் சொன்ன சொல் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு புதிய பத்தி (நெடுவரிசை) சேர்த்து இந்த எண்ணை மட்டும் போடுங்கள். பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்க விடும் டிராப்டவுன் வைத்துவிட்டால் யாரும் புதிதாக ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. கட்டுப்படுத்திய சொற்பட்டியல் என்று துறையில் சொல்வது இவ்வளவுதான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009இல் வெளியிட்ட ஸ்கோஸ் என்ற தரமும் இதே வழியில்தான் போகிறது: ஒரு பொருளுக்கு ஒரு மொழியில் ஒரே ஒரு விருப்பச் சொல், மாற்றுச் சொற்கள் எத்தனை வேண்டுமானாலும். விருப்பச் சொல்லாக உங்கள் ஊர்ச் சொல்லையே வையுங்கள். சென்னைச் சொல்லுக்குத் தனி மரியாதை ஒன்றும் கிடையாது.

இடப்பெயர்களுக்கும் இதே வைத்தியம். பாக் விரிகுடாவை ஒருவர் 'வடகடல்' என்றும் இன்னொருவர் 'பெண் கடல்' என்றும் சொல்லியிருப்பார். இரண்டும் ஒரே எண்ணின் கீழ் வரும்.

பெரியவர் வெறுமனே 'காரல்' என்று சொல்லியிருந்தால் காரல் குடும்பத்தின் எண்ணையே போடுங்கள். எந்தக் காரல் என்று நீங்களாக ஊகித்து இனப் பெயர் எழுதாதீர்கள். தெரிந்த மட்டத்தில் நிறுத்துவதுதான் நேர்மையான பதிவு.

'அறிவியல் பெயரையே அடையாளமாக வைத்தால் குழப்பமே வராதே' என்று யாராவது சொல்வார்கள். வரும். நீலக்கால் நண்டைக் காலம் காலமாக போர்ட்டுனஸ் பெலாஜிகஸ் என்று எழுதி வந்தார்கள். 2010இல் அதை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். நம் வங்கக்கடல் பக்கத்து நண்டு இப்போது போர்ட்டுனஸ் ரெட்டிகுலேட்டஸ். அதனால் அறிவியல் பெயரும் மாறக்கூடிய இன்னொரு பெயர்தான். அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், அடையாளமாக வைக்காதீர்கள். கடல் உயிரினங்களின் உலகப் பதிவேடான வோர்ம்ஸ் தளத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் உண்டு, பழைய பெயரைத் தேடினாலும் புதியதைக் காட்டும். அந்த எண்ணையும் எழுதி வைத்தால் பின்னாளில் வெளியார் தரவோடு இணைக்கச் சுலபம்.

அடுத்து, எது எதற்குக் கீழே என்ற கேள்வி. 'ஓட்டுக் கணவாய் ஒரு கணவாய்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இடறாது. ஊசிக் கணவாயும் பேய்க் கணவாயும் அப்படியே. 'பாய் ஒரு வல்லம்' என்று சொன்னால் காதே மறுக்கும்: பாய் வல்லத்தின் பகுதி, வகை அல்ல. வகையையும் பகுதியையும் ஒரே கிளையில் தொங்கவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு.

கருவாடு வந்ததும் இந்த வகை மரமே ஆட ஆரம்பிக்கும். நெத்திலிக் கருவாட்டை நெத்திலிக்குக் கீழே வைப்பதா, கருவாட்டுக்குக் கீழே வைப்பதா? இரண்டும் வேண்டாம். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட, நூல்களை வகைப்படுத்தும் கோலன் வகைப்பாடு இந்த இடத்தில் கைகொடுக்கும். எல்லாவற்றையும் ஒரே மரத்தில் ஏற்றாமல், ஒரு பொருளைப் பல கோணங்களாகப் பிரித்துப் பிறகு சேர்ப்பது அவர் வழி. உங்களுக்கு: என்ன உயிர், எந்த நிலை (பச்சை, கருவாடு), எந்த வலை, எந்த இடம், எந்தக் காலம். ஐந்து பத்தி, ஐந்து சிறிய பட்டியல். நெத்திலிக் கருவாடு, சூடைக் கருவாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட வேண்டியதே இல்லை. காலத்துக்கு மாதத்தோடு நின்றுவிடாமல் 'கச்சான்', 'வாடை' என்பவற்றையும் பட்டியலில் சேருங்கள், ஏனென்றால் பெரியவர்கள் காற்றை வைத்துத்தான் காலம் சொல்லியிருப்பார்கள்.

சரி, ஆன்டாலஜி? இப்போதைக்கு வேண்டாம். சொற்பட்டியல், எது எதன் பெயர் என்று சொல்லும். ஆன்டாலஜி அதற்கு மேலே போய், பொருள்களுக்கு இடையே என்ன உறவு, அதிலிருந்து என்ன முடிவு வரும் என்று கணினிக்குப் புரியும்படி எழுதி வைப்பது. உதாரணத்துக்கு, கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. 'வெள்ளை அட்டை ஒரு கடல் அட்டை', 'கடல் அட்டை பாதுகாக்கப்பட்ட உயிர்', 'பாதுகாக்கப்பட்ட உயிர் பற்றிய பதிவு எல்லாம் ரகசியம்' என்று மூன்று வாக்கியம் எழுதினால், வெள்ளை அட்டை பிடித்த கதை சொன்ன ஒரு பாட்டியின் பதிவு ரகசியமானது என்று கணினி தானே முடிவுக்கு வரும். அந்த மாதிரிக் கேள்விகள் நிறைய வரும்போது புரோட்டீஜே என்ற இலவச மென்பொருளை எடுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன்: எக்செல்லில் பழகியவர்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம், எழுதாததை அது 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளாது. கீழக்கரையில் சூடை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அங்கே சூடை கிடையாது என்று சொல்லாது, தெரியாது என்றுதான் வைத்துக்கொள்ளும். அதுவரை அட்டை பற்றிய வரிகளுக்கு 'வெளியிட வேண்டாம்' என்று நீங்களே கையால் ஒரு குறி போட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப் போடக் கூடாது.

கடைசியாக, பாதிதான் கிடைக்கிறது என்றீர்களே, அதற்குப் பெயர் மட்டும் காரணமாக இருக்காது. 'தொண்டி' என்பதில் உள்ள 'தொ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே எழுத்தாக, அல்லது எகரக் குறியும் ஆகாரக் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சில மென்பொருள்களுக்கு வேறு வேறு. நார்மலைசேஷன் என்று ஒரு சுத்திகரிப்பு இருக்கிறது, என்எஃப்சி என்ற வகையைத் தேர்ந்தெடுத்து முழுக் கோப்பையும் அதில் ஒரு தடவை ஓட்டுங்கள். அப்புறம் ராமேஸ்வரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் மூன்றையும் ஓர் எண்ணுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு மறுபடி தேடிப் பாருங்கள்.