கூட்டத்துக்கு வராதவர்கள்

கேள்வி: பல மொழியினரும் பல தொழில் செய்வோரும் வாழும் சிறு நகரம் எங்களுடையது. நகர நிர்வாகம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு எப்போதும் அதே சிலர்தான் வருகிறார்கள். மற்றவர்களை எப்படி ஈடுபடுத்துவது?

பதில்: வராதவர்களுக்கு அக்கறையில்லை என்று முடிவுகட்டும் முன், கூட்டம் எந்த நேரத்தில், எந்த மொழியில், எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். வேலை நாளில், முற்பகலில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மாடியில் கூட்டம் வைத்தால், தினக்கூலிக்குப் போகிறவரும் கைக்குழந்தைக்காரரும் சக்கர நாற்காலியில் வருபவரும் அழைக்கப்படவே இல்லை என்றுதான் பொருள். மாலை நேரம், தரைத்தளம், ஒரு மொழிபெயர்ப்பாளர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்: இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

எனினும், வந்தவர்களை மீண்டும் வரவைப்பது வசதியன்று, அதிகாரமே என்பது என் கருத்து. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட் முறையில், எந்தப் பகுதிக்கு முதலில் கழிவுநீர்க் கால்வாய், எந்தத் தெருவுக்குச் சாலை என்பதைக் குடியிருப்போரே கூடி வரிசைப்படுத்தியதால், அதுவரை ஒதுங்கியிருந்த ஏழை மக்களும் திரளாக வந்தனர். உங்கள் நிர்வாகத்திடமும் ஒரு சிறு தொகையை அவ்வாறு ஒதுக்கக் கேளுங்கள்; ஏற்கப்படாத யோசனைகளுக்கான காரணத்தையும் (பெரும்பாலும் விடுபடுவது இதுதான்) அனைத்து மொழிகளிலும் அறிவிக்கச் சொல்லுங்கள்.