கேஸ் போட்டவள் வீடும் தெருப் பேச்சும்: கேள்வி பதில்

கேள்வி: பாலியல் தொல்லை என்று புகார் கொடுத்த தங்கையை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். கம்பெனி மேல் கேஸ் போட்டிருக்கிறோம். "காசு பறிக்கிற குடும்பம்" என்று தெருவே பேசுகிறது. அம்மா வாசலில் நின்று தினமும் சண்டை. என்ன செய்வது மேடம்?

பதில்: முதலில் அம்மாவை உள்ளே கூப்பிடுங்கள். நேரில் பார்த்தவர், காதால் கேட்டவர் சொன்னால்தான் வாய்மொழிச் சாட்சியம். "அவங்க வீட்ல இப்படியாம்" என்பதை எந்த நீதிபதியும் எழுதிக்கொள்ள மாட்டார். உங்கள் பக்கப் பேச்சு அப்படியல்ல. "அஞ்சு லட்சம் வாங்காம விட மாட்டோம்" என்று அம்மா கோபத்தில் கத்தியது யாரோ ஒருவர் போனில் பதிவாகும். குறுக்கு விசாரணையில் கேள்வியாகத் திரும்பி வரும். கம்பெனி ஆள் தெருவில் வந்து விசாரிப்பதும் உண்டு. யார் கேட்டாலும் "கோர்ட்ல இருக்கு", அதோடு சரி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பதில் வேண்டாம்.

கேள்வி: பேசுகிறவர்கள் மேல் அவதூறு வழக்கு போடலாமா?

பதில்: போடலாம். பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவு, 2 ஆண்டு வரை சிறை. ஆனால் யார், என்றைக்கு, யார் முன்னால், என்ன வார்த்தை சொன்னார் என்று காட்ட வேண்டும். கேட்ட பத்துப் பேரில் ஒருவர்கூடக் கூண்டேற மாட்டார்.

கேள்வி: என் மாமியாரைத் தப்பாகப் பேசுகிறார்கள். அவதூறு கேஸ்...

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: நெருப்பில்லாமல் புகையாது. பொய்ப் புகாருக்கு நடவடிக்கை உண்டு என்று சட்டமே சொல்கிறதே?

பதில்: பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டத்தின் 14-ஆவது பிரிவை முழுதாகப் படித்தீர்களா? தெரிந்தே பொய் சொன்னதாக விசாரித்து நிரூபிக்க வேண்டும். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அவள் மேல் நடவடிக்கை கூடாது என்று அதே பிரிவில் இருக்கிறது.

புகையைப் பற்றிக் கேட்டீர்களே. 16-ஆவது பிரிவுப்படி அந்தப் பெண்ணின் பெயர், முகவரி, புகாரில் உள்ளது எதையும் பொதுவில் வெளியிடக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் இதே பாதுகாப்பு. அப்படியிருக்க உங்கள் காதுக்கு எப்படி வந்தது?

கேள்வி: என் மச்சான் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறான். அக்கம்பக்கத்தில் பேசினால் தப்பா?

பதில்: மச்சான் விசாரணைக் கமிட்டியில் இருக்கிறாரா? இருந்தால் அபராதம் அவருக்கு. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவில் தண்டனை புகாரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான். எதிர் வீட்டுக்காரருக்கு இல்லை. அதற்காக உங்களுக்கு 356 இல்லாமல் போய்விடாது. இதற்கு மேல் மச்சானைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருப்பது அவருக்கு நல்லது.

கேள்வி: கேஸ் தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையுமா?

பதில்: இது வக்கீல் கேள்வி இல்லை. வருகிறவர்களிடம் அடுத்த வீடு சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வக்கீல் வைக்க வசதியில்லை.

பதில்: பெண்களுக்கு இலவச சட்ட உதவியில் வருமான வரம்பே கிடையாது. 15100-க்கு போன் செய்யுங்கள். வேலை நீக்கக் கடிதம், புகாரின் நகல், சம்பள ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: மேடம், அவதூறு வழக்கு போட...

பதில்: அடுத்தவர்.