மூத்தோரின் நில அறிவைத் தரவுத்தளத்தில் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: வட ஆஸ்திரேலியாவில் நில மேலாண்மைக்கான கணினி அமைப்பு ஒன்றை வடிவமைக்கிறோம். எந்த இடத்தில் எப்போது தீ மூட்ட வேண்டும் என்ற தொல்குடி மூத்தோரின் அறிவை அதில் எவ்வாறு பதிவு செய்வது?

பதில்: தீ மூட்டும் காலத்தைத் தேதியாகப் பதியாதீர்கள். அங்குள்ள காக்காடு பகுதியின் பினின் என்னும் தொல்குடி மக்கள் ஆண்டை 6 பருவங்களாகப் பகுத்து, அவற்றை நிலம் காட்டும் அறிகுறிகளால் இனங்காண்கிறார்கள். ஏறத்தாழ மே முதல் ஜூன் நடுப்பகுதி வரை நீளும் யெக்கே பருவத்தில், டார்வின் வுல்லிபட் என்னும் யூகலிப்டஸ் மரம் பூக்கத் தொடங்கியதும், காட்டைத் திட்டுத்திட்டாக எரிக்கலாம் என்று அறிகிறார்கள். இதை 'மே 1' என்று எழுதிவிட்டால், மழை தாமதமாக ஓயும் ஆண்டில் உங்கள் அமைப்பு தவறான ஆலோசனையைத் தரும். பிழை மூத்தோருடையது என்று பழி வரும். ஆகவே அறிகுறி, இடம், செயல், சொன்னவர் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பதிந்து, களப்பணியாளர் அந்த அறிகுறியை நேரில் கண்டு உறுதிசெய்த பிறகே பரிந்துரை எழும்படி அமையுங்கள். மூத்தோர் தம் மொழியில் பேசிய ஒலிப்பதிவே மூலம். நீங்கள் பிரித்தெடுக்கும் தகவல்கள் அதைத் தேடி அடைவதற்கான வழி மட்டுமே.

இதைவிடக் கடினமானது, யார் எதைப் பார்க்கலாம் என்பது. புனித இடம் ஒன்றின் ஆள்கூறுகளை மறைத்தாலும், வரைபடத்தில் விடப்பட்ட சிறு வெற்றிடமே அதைக் காட்டிக்கொடுக்கும். அத்தகைய தகவலை அந்த இடத்துக்குப் பொறுப்பான தொல்குடியினரே தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் அமைப்பு ஒரு பரந்த பகுதிக்கு, 'பணி தொடங்கும் முன் இவர்களிடம் கேளுங்கள்' என்று மட்டும் சொன்னால் போதும். டென்னன்ட் கிரீக் என்னும் ஊரின் வாருமுங்கு தொல்குடி மக்களின் தேவையிலிருந்து உருவான முகுர்ட்டு மென்பொருள், சமூகத்தின் சொந்த விதிகளின்படியே பார்வை அனுமதி வழங்குகிறது. வடிவமைக்கும் முன் அதை அவசியம் பாருங்கள். தொல்குடித் தரவுக்காக 2019இல் வெளியான கேர் கொள்கைகளும், தரவை ஆளும் அதிகாரம் அம்மக்களுக்கே உரியது என்கின்றன.

அந்த அதிகாரத்தில், தந்த அறிவைத் திரும்பப் பெறும் உரிமையும் அடங்கும். ஒருவர் இறந்தபின் அவருடைய குரலையும் படத்தையும் சிலகாலம் வெளியிடாதிருப்பது அங்குள்ள பல சமூகங்களின் வழக்கம் என்பதால், பதிவை அழிக்காமல் நிறுத்திவைக்கும் நிலையொன்று தேவை. காப்பு நகல்களுக்கும் அது பொருந்த வேண்டும். தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் கணினி மாதிரியொன்றில் கலந்துவிட்ட அறிவைப் பிரித்தெடுப்பது மிகக் கடினமாதலால், தனியே ஒப்புதல் பெறாமல் அத்தகைய பயன்பாட்டுக்கு அதைத் தரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரே இடத்தைப் பற்றி இரு குடும்பங்கள் வேறுவேறாகச் சொல்லவும் கூடும். அப்போது சராசரி காணாமல், இரண்டையும் அவரவர் பெயரிலேயே வைத்திருங்கள். எதைப் பின்பற்றுவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்வார்கள்.