போதகருக்கு எந்த நாள் ஓய்வு? – கேள்வி பதில்

சபைத் தலைவர்களின் ஓய்வு பற்றிக் கேளுங்கள். வேதப்பகுதி, வார ஒழுங்கு, நீண்ட விடுப்பு மூன்றுக்கும் பதில் உண்டு. சம்பளத் தகராறுகளைச் சபைக் கமிட்டியில் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, ஞாயிறு முழுக்க ஊழியம். திங்கள் ஓய்வெடுக்கிறேன். ஆனாலும் களைப்பு போகவில்லையே?

பதில்: பிரசங்கம் முடிந்த மறுநாள் உடம்பு இறங்கிக் கிடக்கும். அன்று நீங்கள் படுப்பது ஞாயிறு வைத்துவிட்டுப் போன கடனை அடைக்கத்தான். திங்களை எளிய அலுவலக வேலைக்கு வைத்துக்கொண்டு, ஓய்வை வியாழன் மாலை 6 மணி முதல் வெள்ளி மாலை 6 மணி வரை மாற்றிப் பாருங்கள். ஆதியாகமம் 1-ல் நாள் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது. அப்படி எண்ணினால் உங்கள் ஓய்வுநாளின் முதல் வேலையே தூக்கம்.

இதற்கு மூன்று காரியம் தேவை. பிரசங்கத்தின் முழு வரைவு வியாழன் மதியத்துக்குள் முடிய வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் திருத்தினால் போதும். பாதியில் நிற்கும் பிரசங்கம் வெள்ளி முழுக்கத் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பலருக்கு ஓய்வு கெடுவது இதனால்தான். இரண்டாவது, எது அவசரம் என்று எழுதிவையுங்கள்: மரணம், விபத்து, தீவிர சிகிச்சை, வீட்டில் வன்முறை அல்லது தற்கொலை ஆபத்து. பந்தல்காரர் வரவில்லை என்பது அவசரம் அல்ல. மூன்றாவது, அன்று போன் ஒரு மூப்பர் (சபையின் மூத்த பொறுப்பாளர்) கையில் இருக்கட்டும். சைலன்டில் போட்டுப் பையில் வைப்பது பலிக்காது, கை தானாகப் போகும். அவசரத்தால் ஓய்வு உடைந்தால், போன மணி நேரத்தை ஏழு நாளுக்குள் திரும்ப எடுத்து டைரியில் குறியுங்கள்.

கேள்வி: உண்மையான ஓய்வுநாள் சனியா, ஞாயிறா?

பதில்: ரோமர் 14:5, நாளைப்பற்றி அவனவன் தன் மனதிலே நிச்சயம் உள்ளவனாக இருக்கட்டும் என்கிறது. இன்று அதற்குள் போகவில்லை.

கேள்வி: ஆத்துமாக்கள் அழியும்போது ஓய்வு என்பது சோம்பேறித்தனம் ஆகாதா?

பதில்: யாத்திராகமம் 20-ல் ஆறு நாள் வேலை செய் என்பதும் அதே கட்டளையில்தான் இருக்கிறது. ஆறு நாள் உழைக்காதவர் கவலைப்படட்டும்.

கேள்வி: சிறிய சபை, உதவிப் போதகர் இல்லை. நான் விட்டால் யார் பார்ப்பார்?

பதில்: யாத்திராகமம் 18-ஐ இந்தக் கேள்வியோடு வாசியுங்கள். மோசே காலமே தொடங்கி சாயங்காலம்வரை நியாயம் விசாரிக்கிறார். அவருடைய மாமனார் எத்திரோ சொல்வது, நீரும் உம்மோடிருக்கிற ஜனங்களும் ‘தொய்ந்துபோவீர்கள்’ என்று. வரிசையில் காத்து நிற்பவர்களும் களைத்துப்போவார்கள் என்கிறார், அதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டு வாரம் நீங்கள் செய்வதையெல்லாம் எழுதுங்கள். சாவி, ஒலிபெருக்கி, கணக்கு, வீட்டுக் கூட்டம், நோயாளி சந்திப்பு என்று வரும். மற்றவர் செய்யக்கூடியதில் இரண்டை மட்டும் முதல் மாதம் கொடுங்கள். கொடுக்கும்போது முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். எத்திரோ சொன்னபடி ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கு மோசே வைத்த அதிபதிகள் சிறிய வழக்குகளைத் தாங்களே தீர்த்தார்கள். பெரியது மட்டுமே மோசேயிடம் வந்தது. வேலையைக் கொடுத்துவிட்டு உரிமையைக் கையில் வைத்திருந்தால் எல்லாரும் உங்களைக் கேட்கவே போன் செய்வார்கள், பாரம் இரட்டிக்கும். மாற்று ஆளின் பெயரை எழுதாமல் விடுப்பை அறிவிக்காதீர்கள்.

கேள்வி: மாற்கு 6-ல் இயேசு ‘சற்றே இளைப்பாறும்படி’ அழைத்தார். ஜனங்கள் முந்திக்கொண்டு வந்ததும் மனதுருகி உபதேசித்தார். தேவை வந்தால் ஓய்வு பின்னால்தானே?

பதில்: 34-ம் வசனத்தில் நிறுத்திவிட்டீர்கள். 45, 46-ல் சீஷரைப் படவில் ஏற்றி, ஜனங்களை அனுப்பிவிட்டு, மலைக்குப் போகிறார். கூட்டத்தை முடித்து அனுப்பியதும் அவர்தான்.

இன்னொருவர்: ஆனால் சீஷர்கள் ஓய்வெடுக்கவில்லையே, ஐயா! 48-ல் இரவின் கடைசிப் பகுதியான நாலாம் ஜாமத்திலும் துடுப்பு வலித்து வருத்தப்பட்டார்கள். வாக்களித்த ஓய்வு எங்கே?

பதில்: சரியான அடி. அந்த இரவு அவர்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆகவே இந்த அதிகாரத்தை ‘ஓய்வு கேட்டால் கிடைக்கும்’ என்பதற்கு ஆதாரமாக்கக் கூடாது. ஆனால் 31-ல் சொன்ன காரணம் அப்படியே நிற்கிறது: சாப்பிடவும் சமயமில்லை. அதை அவர் பக்தி என்று பாராட்டவில்லை, விலகி வாருங்கள் என்றார்.

முதலில் கேட்டவர்: அப்படியானால் மனதுருக்கம் வந்தால் நானும் ஓய்வை உடைக்கலாம்.

பதில்: உடைக்கலாம். அவர் ஒருநாள் உடைத்தார். நீங்கள் எத்தனை வாரமாக உடைக்கிறீர்கள் என்று டைரியைப் பாருங்கள். தொடர்ந்து நான்கு வாரம் என்றால் அதன் பெயர் மனதுருக்கம் அல்ல, ஒழுங்கின்மை.

இன்னொருவர்: யோவான் 5:17-ல் இயேசு, பிதா இதுவரைக்கும் கிரியை செய்கிறார் என்றாரே?

பதில்: பிதா உறங்குவதில்லை, சங்கீதம் 121-ம் அதைத்தான் சொல்கிறது. குமாரனோ படவில் தலையணையில் தூங்கினார், மாற்கு 4:38. நமக்கு இருப்பது அவர் எடுத்துக்கொண்ட அந்த மாம்சம். இதோடு இந்த வாக்குவாதத்தை முடிக்கலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: வார நாளில் வேறு வேலை, மாலையில் ஊழியம். முழு நாள் கிடைக்காது.

பதில்: கூட்டமே இல்லாத ஒரு மாலை, அதோடு தொடர்ச்சியாக ஓர் அரை நாள். அதற்கு ஒரு கூட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் நேரம் முளைக்காது. முழு இரவு ஜெபம் நடத்தினால் மறுநாள் காலை வண்டி ஓட்டாதீர்கள். மாலை 7 மணிக் காபியில் ஏறத்தாழ பாதி காஃபின் நள்ளிரவிலும் உடம்பில் இருக்கும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

கேள்வி: ஓய்வெடுப்பது அவிசுவாசம் இல்லையா?

பதில்: மூன்றாவது கேள்வியே உடுப்பு மாற்றி வந்திருக்கிறது. மேலே பாருங்கள்.

கேள்வி: மூன்று வாரமாகத் தூக்கமில்லை, ஜெபிக்கவும் மனமில்லை, காரணமில்லாமல் அழுகிறேன். ஓய்வெடுத்தால் சரியாகுமா?

பதில்: சகோதரரே, ஓய்வு மட்டும் போதாது. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலையோடு தொடர்புடைய நிலையாக வரையறுத்தது: சக்தி வற்றுதல், வேலையில் வெறுப்பு, திறமை குறைதல். அது மருத்துவ நோயாக வகைப்படுத்தப்படவில்லை. நீங்கள் சொல்வதோ இரண்டு வாரத்தையும் தாண்டிய அறிகுறிகள். மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இன்றே போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு முறை. ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். உங்களைக் கடிந்துகொள்ள யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஏழு வருடம் ஆயிற்று. நீண்ட விடுப்பு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். லேவியராகமம் 25-ல் ஏழாம் வருட ஓய்வு நிலத்துக்குச் சொன்னது, போதகருக்கு நேரடிக் கட்டளை அல்ல. ஆனால் அதிலிருந்து சபைகள் கற்ற பழக்கம் நல்லது. மூன்று மாதம் என்றால் ஆறு மாதம் முன்பே கமிட்டியில் எழுத்தில் முடியுங்கள்: சம்பளம், பிரசங்கிப்பவர் பட்டியல், முடியும் தேதி. மாற்று ஆள் பெயர் முதலில், மறந்துவிடாதீர்கள். விடுப்பில் வேறு சபைகளில் பிரசங்கம் ஏற்றால் இடம் மட்டுமே மாறும். திரும்பிய முதல் இரண்டு வாரம் புதுத் திட்டம் எதுவும் அறிவிக்காதீர்கள். உங்களுக்குத் தெம்பு இருக்கும், இடத்தை நிரப்பியவர்களுக்கு இருக்காது.

கேள்வி: ஓய்வுநாளில் சபை வாட்ஸப் குழுவைப் பார்க்க மட்டும் செய்யலாமா?

பதில்: போன் மூப்பர் கையில் இருக்கிறது அல்லவா?