பாதிப் பரிசு, பாதிப் பெயர்: இருந்தாலும் அவள் டபுள்ஸே ஆடட்டும்

சென்ற வாரம் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா, மகளை அடுத்து எதில் சேர்ப்பது என்று என்னிடம் யோசனை கேட்க, மகளோடு வந்திருந்தார். பத்தாம் வகுப்பு முடித்த பெண். பேட்மின்டனில் டபுள்ஸ், அதாவது இருவர் ஜோடியாக ஆடும் ஆட்டம், ஆடுகிறாள். சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். பெரியப்பா, “நீட் கோச்சிங்ல போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்” என்கிறாராம். அப்பாவுக்கு விளையாட்டில் ஆசை உண்டு. ஆனால் அவர் சொல்வது வேறு: “ஆடறதுன்னா சிங்கிள்ஸ் ஆடட்டும். டபுள்ஸ்ல யாரு பேரு தெரியுது?” ஊர்ப்பக்கம் இருக்கிற அரை ஏக்கரை விற்று, ஹைதராபாத்தில் தங்கிப் பயிலும் அகாடமி ஒன்றில் சேர்த்துவிடலாம் என்று தரகரிடமும் பேசிவிட்டார். அம்மா தூங்கிப் பல நாள் ஆகிறது என்று முகமே சொன்னது.

“கவலைப்படாதீங்கம்மா” என்று முதல் பத்து நிமிஷம் நானும் சொன்னேன். நிலப் பேச்சு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

நீட் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். உயிரியல் புத்தகத்தைத் திறந்தாலே பெண் கொட்டாவி விடுகிறாள் என்று அம்மாவே சொல்லிவிட்டார், எனக்கு அது போதும். பெரியப்பா கோபித்துக்கொள்ளட்டும். நான் வாதாட வேண்டியது அப்பாவோடுதான்.

சார், டபுள்ஸில் யார் பெயர் தெரிகிறது என்றுதானே கேட்டீர்கள்? ஹுவாங் யாச்சியோங். 1994-இல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் பிறந்தவர். 2018-ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனை என்று உலக பேட்மின்டன் சம்மேளனம் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். அத்தனை சிங்கிள்ஸ் நட்சத்திரங்கள் இருக்க, விருது போனது கலப்பு இரட்டையர் (ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் டபுள்ஸ்) ஆடுகிற ஒரு பெண்ணுக்கு.

அவர் ஆட்டத்தை ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். பின்னால் நின்று அவருடைய ஜோடி ஜெங் சிவெய் எகிறி அடிக்கிற ஸ்மாஷுக்குத்தான் அரங்கம் கைதட்டும். ஆனால் எதிராளி அந்தப் பந்தை அவ்வளவு வாகாக ஏன் தூக்கிக் கொடுத்தார்? இரண்டு ஷாட்டுக்கு முன்னால் வலையோரம் இந்த அம்மணி ராக்கெட்டை லேசாகத் திருப்பி ஒரு தட்டுத் தட்டியிருப்பார், அதனால்தான். சர்வீஸ் வந்த அடுத்த நொடியே எங்கே வைத்தால் எதிராளி குனிந்து எடுத்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இது தனிக் கலை. சிங்கிள்ஸ் நன்றாக வராதவர்கள் ஒதுங்குகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிங்கிள்ஸ் ஆடுபவருக்கு ஒரே பிரிவு. டபுள்ஸ் ஆடும் பெண்ணுக்குப் பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என இரண்டு வாசல். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜாவ் யுன்லெய் என்ற சீனப் பெண் இரண்டிலும் நுழைந்து இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஒரே ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் இரண்டு தங்கம் வென்ற முதல் ஆள் அவர்.

அம்மாவுக்கு வேறு பயம். “கூட ஆடற பொண்ணு விட்டுட்டுப் போயிட்டா?” நியாயமான பயம்தான். தரவரிசைப் புள்ளி ஜோடியின் பெயரில்தான் ஏறும், ஜோடி உடைந்தால் புது ஜோடி மேலே ஏற நாளாகும். ஆனால் சீனாவில் என்ன நடந்தது பாருங்கள். 2017 மார்ச்சில் ஹுவாங் யாச்சியோங் ஆல் இங்கிலாந்து என்ற பெரிய போட்டியில் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றபோது கூட ஆடியவர் லூ காய். அதே ஆண்டு ஆகஸ்டில் கிளாஸ்கோ உலகப் போட்டியில் ஜெங் சிவெய்யும் சென் சிங்சென்னும் கலப்பு இரட்டையர் இறுதியில் தோற்றார்கள். சென் சிங்சென் அங்கேயே ஜியா யிஃபானோடு பெண்கள் இரட்டையரை ஜெயித்துவிட்டார். நவம்பரில் ஜோடிகள் மாறின. ஜெங் சிவெய் தன்னைவிட மூன்று வயது மூத்த ஹுவாங்கோடு சேர்ந்தார், சென் பெண்கள் இரட்டையரில் கவனம் வைத்தார். ஹுவாங் – ஜெங் ஜோடி 2018, 2019, 2022 மூன்று ஆண்டும் உலகப் பட்டம் வென்றது. நடுவில் டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் சொந்த நாட்டு ஜோடியிடமே மூன்று கேம் போராடித் தோற்றது. 2024 பாரிஸில் கொரிய ஜோடியை 21-8, 21-11 என்று ஊதித் தள்ளித் தங்கம். மறுநாள் சென், ஜியா இருவருக்கும் தங்கம். அன்று பிரிந்ததில் யாரும் கெட்டுப்போகவில்லை. (பாரிஸ் பதக்க மேடையிலிருந்து ஹுவாங் இறங்கிய கையோடு, அதே அணியில் டபுள்ஸ் ஆடிய லியூ யூசென் அவர் முன்னால் மண்டியிட்டு மோதிரம் நீட்டியதும் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரித்தாள்.)

இனி பணம். இங்கே நான் கறாராகத்தான் பேசுவேன். சீனாவில் மாகாண அணிக்குள் ஒரு பிள்ளை போய்விட்டால் தங்கும் இடம், சாப்பாடு, பயிற்சியாளர் எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. இறகுப் பந்திலிருந்து ரயில் டிக்கெட் வரை உங்கள் பாக்கெட். பரிசும் பாதிதான். பத்து லட்சம் டாலர் மொத்தப் பரிசு கொண்ட உலகச் சுற்றுப் போட்டியில் சிங்கிள்ஸ் வெற்றியாளருக்கு 70,000 டாலர். டபுள்ஸ் ஜோடிக்கு 74,000. அதை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 37,000. அதுவும் உச்சியில் இருப்பவர்களுக்கு. ஆட்டக் காலமும் குறுகியது. ஜெங் சிவெய் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று சர்வதேச ஆட்டத்தை விட்டபோது அவருக்கு வயது 27.

அதனால் நிலத்தை விற்காதீர்கள். சிங்கிள்ஸுக்காகவும் வேண்டாம், டபுள்ஸுக்காகவும் வேண்டாம். நகையும் அடகுக்குப் போக வேண்டாம். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எழுதி வையுங்கள், அதற்குள் என்ன முடியுமோ அது. கூட ஆடும் பெண்ணின் வீட்டாரும் இதே கவலையில்தான் இருப்பார்கள். இரண்டு வீடும் சேர்ந்தால் கோர்ட் வாடகை, பயிற்சியாளர் செலவு, வெளியூருக்குத் துணைக்குப் போகும் ஆள் எல்லாமே பாதியாகும். டபுள்ஸில் பரிசு மட்டுமல்ல, செலவும் பிரியும்.

அம்மா வெளியே போனபோது பெண்ணிடம் ஒன்று கேட்டேன். எந்தப் பாயின்ட் எடுத்தால் ரொம்பச் சந்தோஷம்? “முன்னாடி நின்னு சும்மா தொட்டு விடுவேன் மிஸ். அவங்க ஓடி வந்து நெட்ல அடிச்சுடுவாங்க. அது.” கோர்ட் முழுக்கத் தனியாக ஓடி, நீண்ட ராலியில் எதிராளியைக் களைக்க வைக்கும் ஆசை அந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை. இந்தப் பெண்ணைச் சிங்கிள்ஸுக்கு மாற்றுவதும் நீட்டுக்கு அனுப்புவதும் எனக்கு ஒன்றுதான்.

பதினொன்றில் வணிகவியல் எடுக்கட்டும், அவள் கேட்டது அதுதான். இப்போது இருக்கும் பள்ளியே போதும், காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி. சேர்க்கை முடிந்ததும் மறுபடி வாருங்கள். அப்பாவும் வரட்டும், கூட ஆடும் பெண்ணும் அவள் வீட்டாரும் வரட்டும். நாற்காலிக்குப் பஞ்சமில்லை.